எட்டாவது ஓட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அது சுகமில்லை என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன், நீ பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதையும் நினைவில் வைத்திருக்கிறேன். உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பயந்துகொண்டே இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே உனக்கு சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம்.

அன்றைக்கு எங்கள் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் எவரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக்கூடாது. சாய்வு நாற்காலியில் உன் அத்தான், மின்சார ஆபீஸில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. சோபாவின் நடுவில் பெரியவன், அதாவது பத்திரம் எழுதுகிற ஆபீஸில் இருக்கும் என் மூத்த பிள்ளை. மூன்று பேர் உட்காரும் சோபாவில் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அவனுடையதுதானே. ஒரு ஓரமாக அவன் பெண்டாட்டி பெரியவள், மடியில் தலையணை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை, கையில் போன், முகத்தில் "எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியா" என்கிற கேள்வி. அவர் காலடியில் என் மகள், பட்டாணி உரித்துக்கொண்டு, மூன்று உரித்தால் ஒன்று வாயில். கதவில் சாய்ந்தபடி சின்னவன், ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன், ஊர் வீட்டையெல்லாம் குளிர வைத்துவிட்டு இங்கே வந்து வியர்த்துக்கொண்டு நிற்பவன். சமையலறை வாசலில் அவன் பெண்டாட்டி சின்னவள், கையில் டீத் தட்டு. முக்காலியில் நான். அப்புறம் நீ. ஆமாம், நீயும்தான். டீப்பாய் மேல், போன் ஸ்பீக்கரில், பக்கத்தில் பிஸ்கட் தட்டு, உன் குரலின் அதிர்வில் தட்டு நகர்ந்துகொண்டே போயிற்று. தப்பிக்க முடியாது.

விஷயம் சின்னவளுடையது. அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள் என்று உனக்குத் தெரியும். அவள் மைக்கில் வாயைத் திறந்தால் ஓடுகிறவன் நின்று கேட்பான், நிற்கிறவன் ஓட ஆரம்பிப்பான், தூங்குகிற கண்டக்டர் எழுந்து விசில் அடிப்பான். நம் சின்னவன் அந்தக் குரலைக் கேட்டு நின்றுபோய்த்தான் ஒருநாள் பஸ்ஸைக் கோட்டைவிட்டான், அதற்கப்புறம் தினமும் கோட்டைவிட்டான், கடைசியில் கட்டிக்கொண்டான். பிறகு பஸ் நிலையத்தில் அவளுக்குப் பதிலாக ஒரு மெஷினை வைத்தார்கள். அது எல்லா ஊர்ப் பெயரையும் இழவு வீட்டுச் செய்தி மாதிரி சொல்கிறது. அன்றிலிருந்து இவள் வீட்டில். ஊரையே கிளப்பி அனுப்பிய குரல், இங்கே வந்து "டீ வேணுமா?" என்பதோடு நின்றுபோயிற்று. அதையும் இரண்டு தடவை கேட்டால்தான் இந்த வீட்டில் ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அது பின்னால் வரும். ஆனாலும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அவள் மெலிந்து போனாள். உடம்பில் இல்லை, பேச்சில்.

இப்படி இருக்கையில் கதைகளைக் குரலில் படித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி, வண்டி ஓட்டுகிறவர்களும் கண் தெரியாதவர்களும் கேட்பதற்காக, படிக்க ஆள் தேடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரு கதையில் கொஞ்சம் படித்து, சுத்தமாகப் பதிவு செய்து, மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும், பிடித்தால் வேலை. அவள் ஒரு மைக்கும் அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டும் வாங்கி வைத்துவிட்டாள். இனி ஒரு பெட்டி வேண்டும். மைக்கில் பேசுவது நேராகக் கம்ப்யூட்டருக்குப் புரியாதாம். நடுவில் இந்தப் பெட்டி இருந்து, ஒரு பக்கம் மைக் ஒயரை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் யு.எஸ்.பி. ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி சொல்லுமாம். உன் அத்தானுக்கும் எனக்கும் நடுவில் பிள்ளைகள் நின்று "அப்பா டீ கேக்கறாரும்மா" "இல்லேன்னு சொல்லு" என்று சொல்வார்களே, அந்த உத்தியோகம்தான். அவள் காட்டிய படத்தில் அந்தப் பெட்டி சோப்பு டப்பா அளவு. மைக் செருக இரண்டு ஓட்டை.

"எனக்கு ஒரு ஓட்டையே போதும் மாமா. இதுல ரெண்டு இருக்கு" என்றாள் உன் அத்தானிடம். இவ்வளவுதான் விஷயம். டீ ஆறுவதற்குள் முடிந்திருக்க வேண்டியது.

பெரியவன் கால் மேல் இருந்த காலை எடுத்துக் கீழே வைத்தான். அவன் காலைக் கீழே வைத்தால் எங்கேயோ பாகப்பிரிவினை ஆரம்பம் என்று அர்த்தம். "வீட்ல எட்டுப் பேர் இருக்கோம். ரெண்டு ஓட்டைப் பெட்டி வாங்கினா மீதி ஆறு பேர் எங்க போறது?"

"மீதி ஆறு பேர் எங்கயும் போக வேணாமே" என்றான் சின்னவன். அன்று முழுக்க அவன் பேசியது அது ஒன்றுதான், அதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

உடனே தெரிந்தது, இந்த வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு ஓட்டை தேவைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பெரியவன் பள்ளிக்கூடத்தில் மவுத் ஆர்கன் வாசித்தானாம், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமாம். பெரியவள், குடும்பத்தில் எப்படி அனுசரித்துப் போவது என்று பெண்களுக்குப் புத்திமதி சொல்லி ஊருக்கெல்லாம் போடப் போகிறாளாம். இதைச் சொல்லும்போது மகள் பட்டாணியை விழுங்கிப் புரை ஏறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையிடம் ஒரு கிட்டார் இருக்கிறது, அது வாங்கிய நாளிலிருந்து பையை விட்டு வெளியே வந்ததில்லை, பெட்டி வந்தால் கிட்டாரும் வெளியே வரும் என்றார். மகளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அண்ணன்களுக்கு இருந்தால் அவளுக்கும் இருக்க வேண்டும். உன் அத்தான் மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பேசிப் பதியப் போகிறாராம். அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று நான் கேட்டேன், அவர் பனியனைச் சரிசெய்துகொண்டார். நானா? நான் எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை போனைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு தாடிக்காரன், இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டி நல்லது கெட்டது சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறான். ஒரு பெட்டியில் சத்தம் கதகதப்பாக இருக்குமாம், இன்னொன்றில் பளிச்சென்று இருக்குமாம். "முதல்ல இதைக் கேளுங்க, அப்புறம் அதைக் கேளுங்க, வித்தியாசத்தைச் சொல்லுங்க" என்று மாப்பிள்ளை இரண்டு தடவை போட்டார். "ரெண்டாவதுல ஒரு கதகதப்பு இருக்கு" என்றான் பெரியவன். "ஆமா, போர்த்திவிட்ட மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள். "முதல் பெட்டியில வோல்டேஜ் கம்மி" என்றார் உன் அத்தான். நான் படத்தைத்தான் பார்த்தேன். இரண்டு தடவையும் தாடிக்காரன் அதே இடத்தில் அதே மாதிரி மூக்கைச் சொறிந்தான். போன் முதல் இடத்திலேயே சிக்கிக்கொண்டு ஒரே பெட்டியைத்தான் இரண்டு தடவை காட்டியது. கதகதப்பாக இருப்பவர்களை எதற்கு எழுப்ப வேண்டும்?

அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டார்கள். "மாமா ரேடியோ ஸ்டேஷன்ல இருந்தவரு, அவரைக் கேட்டுடுவோம்" என்றான் பெரியவன். சின்னவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உன் பதிலுக்காக நின்றாள். நீ "சின்னதே போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்ன சொன்னாய்? நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "எடுக்கறதுதான் எடுக்கறீங்க, பெருசா எடுங்கப்பா! எங்க ஸ்டேஷன்ல இருந்ததெல்லாம் பீரோ சைஸு!" என்றாய். உங்கள் ஸ்டேஷன்! தம்பி, நீ ரேடியோ ஸ்டேஷனில் வேன் ஓட்டினாய். பாடுகிறவர்களைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு மரத்தடியில் தூங்கினாய். உள்ளே பீரோ இருந்ததா அலமாரி இருந்ததா என்று உனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாக இந்த வீட்டில் உன்னை விஞ்ஞானி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் கூடப் பிறந்தவன் என்பதற்காக நான் காப்பாற்றி வருகிறேன். காப்பாற்றுகிறவளுக்கு அவிழ்த்துவிடவும் தெரியும் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

பெட்டி வந்தது. எட்டு ஓட்டை. சோப்பு டப்பா இல்லை, சூட்கேஸ். இரும்பு. சின்னவளுடைய மேஜையில் வைத்தால் கம்ப்யூட்டருக்கு இடமில்லை, கம்ப்யூட்டரை வைத்தால் அவளுக்கு இடமில்லை. அதனால் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள், நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். சுவிட்சைப் போட்டதும் வரிசையாகப் பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் "ஆ" என்றார்கள். அதில் ஒரு பொத்தானில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று எழுதியிருந்தது. சில மைக்குகளுக்குத் தெம்பு கொடுக்க பெட்டியிலிருந்தே கொஞ்சம் கரண்டு போகுமாம். உன் அத்தான் அதைப் படித்ததிலிருந்து ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் சாப்பாட்டு மேஜைப் பக்கம் வருகிறார்.

அடுத்து யாருக்கு எந்த ஓட்டை என்கிற கேள்வி. முன்பக்கம் நாலு, பின்பக்கம் நாலு. பெரியவன் ஆபீஸிலிருந்து ஒட்டுகிற காகிதம் கொண்டுவந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரம் படிக்கிற குரலில் ஆரம்பித்தான். "முன்பக்கம், சுவிட்சுக்குக் கிழக்கே, ஒண்ணு, குடும்பத் தலைவர் அப்பா. ரெண்டு, அம்மா. மூணு, மூத்த வாரிசு நான். நாலு, என் சம்சாரம்." மாப்பிள்ளை மெதுவாக எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை, தண்ணீர் லாரி நின்றிருந்தது. அவர் அதை ஐந்து பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கிற மாதிரி உருக்கமாகப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பெரியவனைப் பார்த்தேன். "சரி, மூணு மாப்பிள்ளை. நாலு நான்" என்றான். உடனே பெரியவள் தலையணையோடு எழுந்து உள்ளே போனாள். அவளுக்குப் பின்பக்கம் ஐந்து. மகளுக்கு ஆறு. சின்னவனுக்கு ஏழு. பெட்டி யாருக்காக வந்ததோ, எவள் குரலுக்காக இத்தனையும் நடந்ததோ, அந்தச் சின்னவளுக்கு எட்டு. கடைசியாக வீட்டுக்கு வந்தவள் இல்லையா.

அவள் அப்போதே சொன்னாள். அதை நான் மறைக்க மாட்டேன். "மாமா, பின்னாடி இருக்கற நாலுலயும் மைக் போட்டா கேக்காது. அது கீபோர்டு மாதிரி சாமான் செருகறதுக்கு. மைக்குக்குத் தெம்பு குடுக்கறது முன்னாடி நாலுதான்."

"ஓட்டைன்னா ஓட்டைதான்" என்றான் பெரியவன். "கம்பெனிக்காரன் வேலை மெனக்கெட்டு எட்டுப் போட்டிருக்கான், அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" லேபிளை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தான். அவன் ஒட்டினது உரியாது, அந்த ஒரு திறமை உண்டு.

பிறகு பதிவு. எட்டாவது ஓட்டையில் மைக்கை மாட்டினார்கள். மைக்கைத் தாங்குகிற ஸ்டாண்டு இருக்கிறதே, அதற்கு ஒற்றைக் கை. மைக்கை மாட்டினால் கை கனம் தாங்காமல் கொக்கு மீன் கொத்துகிற மாதிரி மூக்கால் குனிந்து விழுகிறது. "பின்னாடி ஏதாச்சும் வெயிட்டு கட்டணும்" என்றார் உன் அத்தான். தன் தகர டப்பாவில் தேடப் போனவர், அங்கேயே பழைய ஃபியூஸ் கட்டைகளைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்துவிட்டார். அந்த டப்பா உனக்குத் தெரியும், உள்ளே போனது எதுவும் வெளியே வந்ததில்லை, ஒரு திருகாணி கேட்டால்கூடக் கிட்னி கேட்ட மாதிரி பார்ப்பார். அதனால் சின்னவன் ஸ்டாண்டைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னவள் பேசினாள். ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரில் கோடு ஆடவே இல்லை, செத்தவன் நெஞ்சு மாதிரி நேராகக் கிடந்தது. மாப்பிள்ளை எல்லாத் திருகையும் திருகினார். பெரியவன் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டான். மகள் ஒயரை ஊதினாள். நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தானை மாப்பிள்ளை அமுக்கியதும் உன் அத்தான் "எல்லாரும் தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி மெயினையே இறக்கிவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கரண்டு போயிடுச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடி போட்டு, மறுபடி "பேசு, பேசு, வாயைத் திறந்து பேசு" என்று ஏழு பேர் சுற்றி நின்று அவளை விரட்டினார்கள். அவள் பேசிப் பேசிப் பார்த்தாள். அப்போது பெரியவள் சொன்னாள்: "பெட்டியில கோளாறு இல்லை. உனக்குத்தான் குரல் போயிடுச்சு போல. சும்மா இருந்து இருந்து."

சின்னவள் மைக்கைப் பார்த்தபடி நின்றாள். பெரியவள் சொன்னதை அரை நிமிஷம் அவளே நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "முன்னாடி ஒரு ஓட்டை குடுத்தா போதும். ஒரு மணி நேரம். நாளைக்குக் கடைசி நாள்."

இந்த வீட்டில் கேட்டால் கொடுக்காதவர்கள் இல்லை, கேட்டவுடனே கொடுத்தால் மட்டும் மரியாதைக் குறைவு. "லேபிள் ஒட்டியாச்சே" என்றான் பெரியவன், கையெழுத்துப் போட்டுப் பதிவாகிவிட்ட மாதிரி. உன் அத்தான், ஒன்றாம் ஓட்டையைக் கொடுத்தால் அது குடும்பத்துக்கே ஆகாது என்றார். மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்து, "என்னோடதை எடுத்துக்கங்க. நான் யாரு? வெளி ஆள்தானே" என்றார். அதைக் கேட்டபிறகு யார் எடுப்பார்கள்? எடுத்தால் மகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னவள் கிட்டே வந்து, "அத்தை, உங்களுது" என்றாள்.

தம்பி, குக்கர் வெயிட் விஷயம் உனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதே, ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். இவள் கல்யாணமாகி வந்த அதே வாரம், என் பெரிய குக்கரின் வெயிட் காணாமல் போயிற்று. காலையில் இருந்தது, மத்தியானம் இல்லை. அந்தக் குக்கர் என் முதல் சம்பாத்தியம், தையல் மெஷினில் ஊரார் ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கி வைத்து வாங்கியது. அதன் விசில் சத்தம் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அதற்கப்புறம் வாங்கிப் போட்ட வெயிட் எல்லாம் சளி பிடித்த மூக்கு மாதிரி சீறுகிறதே தவிர, ஒன்றும் வாயைத் திறந்து கூவியதில்லை. அன்று சமையலறையில் புதிதாக நின்றவள் இவள் ஒருத்திதான். நான் கேட்டேன். அவள் தெரியாது என்றாள். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"குடுக்கறேன்" என்றேன். "குக்கர் வெயிட்டை நீதான் தொலைச்சேன்னு இத்தனை பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. ரெண்டாம் ஓட்டை உனக்கே. ஆயுசுக்கும் வெச்சுக்கோ."

நியாயமான பேரம் என்று நீயே சொல்வாய். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாயில் என்ன வலி? அவள் என்னை நேராகப் பார்த்து, "நான் எடுக்கலை அத்தை. எடுக்காததை எடுத்தேன்னு சொல்லிட்டுத்தான் எனக்குக் குரல் வரணும்னா, அது வேணாம்" என்றாள். மைக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவளைக் காணோம். வீடெல்லாம் தேடினால், துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சேலைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில், போனில் படித்துப் பதிந்து அப்படியே அனுப்பிவிட்டாள். வெளியே வரும்போது நனைந்த கோழி மாதிரி இருந்தாள். நாங்கள் எல்லோரும் பெருந்தன்மையாகக் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டோம். இரும்புப் பெட்டி மேல் பெரியவள் ஒரு துணியைப் போட்டு மூடி, அதன் மேல் பழத்தட்டை வைத்தாள்.

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. குரல் பிடித்திருக்கிறதாம், ஆனால் போனில் பதிந்தது போதாதாம், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். அதில் மட்டும் அவர்களுக்கு நல்ல காது. ஒழுங்கான பெட்டி வைத்துப் பதிந்து நாளைச் சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவை அனுப்பினால் எடுத்துக்கொள்கிறார்களாம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துணி மூடிய பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போய் டீ போட்டுக் கொடுக்கிறாள்.

ஆகையால் நான் உனக்கு எழுதுவது என்னவென்றால், பெரிசா எடு என்று சொன்ன நீயே இதைத் தீர்த்து வைக்க வேண்டும். உன் பேச்சை அவள் மதிப்பாள், வேன் விஷயம் அவளுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் பண்ணி, "அம்மா, அந்த வெயிட்டை நீதான் தொலைச்சேன்னு சொல்லிடு, அக்கா மனசு ஆறிடும்" என்று எடுத்துச் சொல். கடிதம் வருவதற்குள் நாளை போய்விடுமே என்று கேட்பாய். போனால் போகிறது. நான் என் வார்த்தையிலிருந்து இறங்குவதாக இல்லை. அவளை நான் மன்னிக்கவும் மாட்டேன், எத்தனை கம்பெனி வந்து அவள் குரலைப் புகழ்ந்தாலும் சரி. நான் கொடுக்கத் தயார். அவள் வாங்கத் தயாராக வேண்டும்.

உன் வீட்டில் அடுப்பு அணையாமல், கதவு சாத்தாமல், பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க என் ஆசீர்வாதம். உன் பெண்டாட்டியை விசாரித்ததாகச் சொல், போன தடவை அவள் திருப்பித் தராத என் தூக்குச் சட்டியையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதை நேற்று மடித்து உறையில் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்குப் பசை வேண்டும், பசை உன் அத்தானின் தகர டப்பாவில் இருக்கும். இன்று காலையில் எடுக்கப் போனேன். டப்பா திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். சின்னவள் அறையில் சத்தம் கேட்டது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். உள்ளே இவர், ரப்பர் செருப்போடு, அந்த மைக் ஸ்டாண்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் பின் பக்கத்தில் சணல் கயிற்றால் எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார். மருமகள் கேட்காமலே உதவி செய்கிறாராம். ஸ்டாண்டு ஆடாமல் அசையாமல் கையை நீட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றது. பின்னால் கட்டித் தொங்கியது என்ன என்று பார்த்தேன்.

"இது என்ன?" என்றேன்.

"வெயிட்டு."

"என்ன வெயிட்டு?"

திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு கயிற்றில் தொங்குவதைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "குக்கர் வெயிட்டு மாதிரி இருக்கு" என்றார்.

"மாதிரியா?"

"சின்னவன் கல்யாண போட்டோவை மாட்டறதுக்கு, கோணாம இருக்கணுமேன்னு, தூக்குக் குண்டுக்குப் பதிலா எடுத்தேன். திருப்பி வெக்கறதுக்குள்ள நீ கத்த ஆரம்பிச்சிட்ட. சரி, நிறுத்தினதும் வெச்சிடலாம்னு இருந்தேன்."

"இத்தனை வருஷமாவா?"

"நீ நடுவுல எங்க நிறுத்தின?"

தம்பி, அந்தக் கேள்வியையும் அவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். பழத்தட்டை இறக்கினேன், துணியை எடுத்தேன். என் ஓட்டையை விட்டுவிட்டு, ஒன்றாம் ஓட்டையில் இருந்த குடும்பத் தலைவரை நகத்தால் சுரண்டினேன். பெரியவன் ஒட்டினது உரியாதுதான், ஆனால் என் நகம் அவனுக்கு முன்னாலேயே இந்த வீட்டில் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே நின்று சின்னவளைக் கூப்பிட்டேன். வந்தாள்.

"அந்த மைக்கைக் கொண்டா. இதுல மாட்டு" என்றேன்.

"அத்தை, நான் எதையும் ஒத்துக்கலை" என்றாள்.

"உன்னை யாரு கேட்டா? மாட்டு."

ஸ்டாண்டை எடுக்க உள்ளே போனவளுக்கு, பின்னால் தொங்கியது கண்ணில் பட்டது. என்னைப் பார்த்தாள். உன் அத்தான் ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புறக்கடைப் பக்கமாகப் போவதைப் பார்த்தாள். சிரித்தாள் பார், பஸ் நிலையத்துக்குக் கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அது மன்னிப்புக் கேட்டதாக ஆகிவிடும்.

மின்விசிறியை அணைக்கச் சொன்னேன், ஃபிரிஜ்ஜை அணைக்கச் சொன்னேன், மாப்பிள்ளை போனைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பெரியவளிடம், "இப்போ எல்லாரும் அனுசரிச்சுப் போகணும், நீதான் புத்திமதி சொல்றவளாச்சே" என்றேன். கம்ப்யூட்டரில் அந்தச் செத்த கோடு எழுந்து ஆடியது. நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. இந்த வீட்டில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அவள் படித்தாள். ஏதோ ஒரு கதை, கடலுக்குப் போனவன் திரும்பி வருகிற கதை. ஒரு வார்த்தைகூட ஒதுக்குப்புறமாக நிற்கவில்லை, எல்லாம் நேராக வந்து காதில் உட்கார்ந்தது. சின்னவன் கதவில் சாய்ந்திருந்தான். ஒரு வீட்டுக்கு ஏ.சி. பார்க்கப் போக வேண்டியவன், கோட்டைவிட்டுவிட்டான்.

சாயங்காலத்துக்கு முன்னாலேயே அனுப்பியாயிற்று. கொஞ்ச நேரம் முன்பு பதிலும் வந்துவிட்டது, வேலை அவளுக்குத்தான். முதல் புத்தகமே பெரிய புத்தகமாம், அது முடிகிற வரைக்கும் ஒன்றாம் ஓட்டையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது எனக்கு, அது அப்படியே இருக்கட்டும். குக்கர் வெயிட்டைத் திருப்பிக் கேட்கலாம் என்றுதான் போனேன். ஸ்டாண்டு அத்தனை நேராக நிற்கிறது. விட்டுவிட்டு வந்துவிட்டேன். என் குக்கர் கூவாவிட்டால் என்ன, அதன் குண்டு அவளைக் கூவ வைத்துக்கொண்டிருக்கிறது. இன்று மத்தியானம் சமையல் பானையில். உன் அத்தானுக்கு வெந்ததும் வேகாததுமாக.

ஆகவே நீ போன் பண்ண வேண்டாம். மேலே சின்னவளைப் பற்றி நான் எழுதிய இடங்களை மட்டும் பேனாவால் அடித்துவிடு, மற்றவர்களைப் பற்றி எழுதியது ஒரு புள்ளி மாறாமல் இருக்கட்டும். பெரிசா எடு என்று சொன்னதற்காக உன்னையும் விட்டுவிட்டேன், வேன் என் நெஞ்சுக்குள்ளேயே நிற்கும். பெரியவன், பெரியவள், மாப்பிள்ளை எல்லோரையும் இப்போதைக்கு மன்னித்தாயிற்று. பசை அந்தத் தகர டப்பாவில்தான் இருக்கிறது, டப்பாவின் சொந்தக்காரரோடு நான் பேசுவதில்லை, அதனால் உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது கிழிந்தால் அந்தப் பழியும் அவரையே சேரும். இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்கப் போவதில்லை என்று இருப்பது இனி ஒரே ஒரு ஆளை. உன் அத்தானை.